உண்ணி கற்றுத்தந்த பாடம்

மாட்டின் காதோரத்திலும் மடியோரத்திலும் ஆமணக்குக் கொட்டை போல ஒட்டிக்கொண்டிருக்கும் உண்ணியைப் பார்த்திருப்பீர்கள். இச்சிறு உயிர் அமெரிக்க நாட்டிற்கு ஒரு பெரும் புதிரைப் போட்டது.

19-ஆம் நூற்றாண்டில் அந்நாட்டின் தென்பகுதியான டெக்சாஸிலிருந்து வடக்கே மாடுகள் ஓட்டிச் செல்லப்பட்டன. அவை நலமாகவே இருந்தன. ஆனால் அவை சென்ற வழியில் பின்னர் மேய்ந்த வடபகுதி மாடுகளோ கடுங்காய்ச்சல் கண்டு, சிறுநீர் சிவந்து, மடிந்தன. நோயில்லாத மாடு நோயைக் கொண்டுவருவது எப்படி?

தியோபால்டு ஸ்மித், கில்போர்ன் என்னும் அறிஞர்கள் இதனை ஆராய்ந்தனர். தென்பகுதி மாடுகளின் உண்ணிகளைக் கையால் பொறுக்கி நீக்கிவிட்டு, வடபகுதி மாடுகளுடன் மேய விட்டனர், நோய் வரவில்லை. உண்ணியோடு விட்டபோது வந்தது. தாய் உண்ணி தரையில் விழுந்து முட்டையிடுகிறது. பொரிக்கும் குஞ்சுகளிடமும் 'பெபீசியா' என்னும் நுண்ணுயிர் இருக்கிறது. அவை கடிக்கும்போது அது மாட்டின் இரத்தத்தில் புகுந்து சிவப்பணுக்களை உடைக்கிறது. இம்முடிவுகள் 1893-இல் வெளியாயின.

அப்படியானால் தென்பகுதி மாடுகள் சாகாதது ஏன்? விடை கன்றுப் பருவத்தில் இருக்கிறது. தாயின் எதிர்ப்புச் சக்தி சீம்பால் வழியே கன்றுக்குக் கிடைக்கிறது. அது குறைந்த பிறகும், சில மாதங்கள் வரை கன்றுக்கு இயல்பாகவே தாங்கும் வலிமை உண்டு. அப்போது உண்ணி கடித்தால் நோய் லேசாக வந்து போகும். உடலும் பகைவனை அடையாளம் கண்டுகொள்ளும். அந்த எதிர்ப்புச் சக்தி பல ஆண்டுகள் காக்கும். உண்ணியையே அறியாது வளர்ந்த மாடோ முதற்கடியிலேயே வீழ்ந்துவிடக்கூடும்.

இவ்வுண்மையைக் கொண்டே ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் தடுப்பு மருந்து செய்தனர். மண்ணீரல் நீக்கிய கன்றுகளில் கிருமியை அடுத்தடுத்துச் செலுத்தி, அதன் வீரியத்தைக் குறைத்தனர். அதனை 3 முதல் 9 மாதக் கன்றுகளுக்கு ஊசியாகப் போடுகின்றனர்.

ஆகவே உண்ணியை அரைகுறையாக ஒழிப்பதிலும் ஆபத்து உண்டு. கன்றுகள் கடிபடாமலே வளர்ந்து, பின்னர் உண்ணி பெருகினால் மந்தையே நோயில் விழும்.

கறவை மாடு வளர்க்கும் பெற்றோர்களே! உண்ணியில்லாத இடத்தில் வளர்ந்த மாட்டை வாங்கி வந்தால் கண்ணும் கருத்துமாகக் கவனியுங்கள். காய்ச்சலும் சிவந்த சிறுநீரும் கண்டால் அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். இந்நோய்க்கு மருந்து உண்டு. காலந்தாழ்த்தினால் மாடு பிழைப்பது அரிது.