ஆளுக்கு 500 ரூபாய் போட்டால் படம் எடுத்துவிடலாமா? கிரவுட் ஃபண்டிங்கில் கவனிக்க வேண்டியவை

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு பஸ் ஏறினால், மலைப்பாதை தொடங்கும் முன்பே ரோட்டோரம் மாடர்ன் தியேட்டர்ஸின் பழைய நுழைவு வளைவு கண்ணில் படும். 1930-களில் டி.ஆர்.சுந்தரம் தொடங்கிய ஸ்டூடியோ. நூறு படங்களுக்கு மேல் எடுத்தது. அப்போது கதையோடு வருபவர் ஒரே ஒரு முதலாளியைச் சம்மதிக்க வைத்தால் போதும். இப்போது அங்கே வளைவுதான் மிச்சம்.

அதே பஸ்ஸில் மேலே ஏறி, மஞ்சக்குட்டை பக்கம் காபி பறிப்பவர்களைப் பற்றி ஒரு பெண் 30 நிமிட டாக்குமென்டரி எடுக்கப் போகிறார்னு வச்சுக்குவோம். கேமரா வாடகை, சவுண்ட், எடிட்டிங், அறுவடை முடியும்வரை தங்கும் செலவு எல்லாம் சேர்த்து 3 லட்சம் ரூபாய். எந்தத் தயாரிப்பாளரும் இதுக்கு வரமாட்டார். ஆனால், ஆளுக்கு 500 ரூபாய் என்றால் 600 பேர் போதும். கேட்கலாமா?

தாராளமா கேட்கலாம். இந்தியாவில் இது இன்டர்நெட்டுக்கு முன்பே நடந்திருக்கிறது. 1976-ல் ஷியாம் பெனகல் இயக்கிய ‘மந்தன்’ படத்துக்கு குஜராத் பால் கூட்டுறவு விவசாயிகள் 5 லட்சம் பேர் ஆளுக்கு 2 ரூபாய் கொடுத்தார்கள். 10 லட்சத்தில் முழுப் படம்! ரிலீஸ் ஆனதும் ‘நம்ம படம்’னு கூட்டம் கூட்டமாக வந்து பார்த்தவர்களும் அவர்களே. 2024-ல் அந்தப் படம் புதுப்பிக்கப்பட்டு கான் விழாவில் திரையிடப்பட்டது.

தமிழில் ‘அக்ரகாரத்தில் கழுதை’ எடுத்த ஜான் ஆபிரகாம் இன்னொரு வழியில் போனார். ‘ஒடேசா’ என்ற குழுவோடு கேரளத்தில் ஊர் ஊராகப் படம் போட்டுக் காட்டி, மக்களிடம் நன்கொடை வாங்கி, 1986-ல் ‘அம்ம அறியான்’ எடுத்தார்.

ஆன்லைன் காலத்துக்கு வந்தால், கன்னட இயக்குநர் பவன் குமார். தயாரிப்பாளர் கிடைக்காத கடுப்பை 2011-ல் ஒரு பிளாக் பதிவில் கொட்டினார். அதன் பிறகு 27 நாட்களில், சுமார் 110 பேரிடமிருந்து 50 லட்சம் ரூபாய் அளவுக்குச் சேர்ந்தது. அந்தப் படம்தான் ‘லூசியா’ (2013). சித்தார்த் நடித்து தமிழில் ‘எனக்குள் ஒருவன்’ என்று வந்ததே, அதன் ஒரிஜினல்.

‘லூசியா’ கதையைக் கேட்டதும் பலருக்கும் வரும் ஐடியா: “படம் ஓடினா லாபத்தில் பங்கு தர்றோம்னு போஸ்ட் போடலாமே!”

அங்கேதான் சிக்கல்

500 ரூபாய் வாங்கிக்கொண்டு டைட்டிலில் பேர் போடுவதும், படத்தின் லிங்க் அனுப்புவதும் ஒன்று. பணமாகத் திருப்பித் தருவேன் என்பது வேறு. இரண்டாவது, முதலீடு திரட்டுவதாகிவிடும். பங்கு கொடுத்து ஆன்லைனில் பொதுமக்களிடம் நிதி திரட்டுவது பற்றி செபி 2014-ல் ஆலோசனை அறிக்கை வெளியிட்டது. ஆனால், 2016-ல் அப்படிப்பட்ட தளங்களுக்கு அனுமதி இல்லை என்று எச்சரித்தது. பிரைவேட் லிமிடெட் கம்பெனி ஆரம்பித்தாலும், தனிப்பட்ட முறையில் ஒரு நிதியாண்டில் பொதுவாக 200 பேருக்கு மேல் பங்குகளை ஆஃபர் செய்ய முடியாது, விளம்பரமும் கூடாது. வட்டியோடு திருப்பித் தருவதாகச் சொன்னால், முறைப்படுத்தப்படாத டெபாசிட்டுகளைத் தடை செய்யும் 2019-ம் ஆண்டுச் சட்டம் பாயலாம். நல்ல எண்ணத்தில் போட்ட ஒரு வாட்ஸ்அப் மெசேஜ் போதும், சீட்டுக் கம்பெனி மாதிரி மாட்டிக்கொள்ள.

வரியும் இருக்கு. உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒரு வருடத்தில் அன்பளிப்பாக வரும் பணம் மொத்தம் 50,000 ரூபாயைத் தாண்டினால், தாண்டிய பகுதி மட்டுமல்ல, முழுத் தொகையும் வருமானக் கணக்கில் சேரும். துபாயில் வேலை பார்க்கும், இந்திய பாஸ்போர்ட் வைத்திருக்கும் நண்பர் தன் சேமிப்பிலிருந்து வங்கி மூலம் அனுப்பினால் அது வெளிநாட்டுப் பங்களிப்பு ஆகாது. சிங்கப்பூர் குடியுரிமை வாங்கிவிட்ட கிளாஸ்மேட் அனுப்பினால் எஃப்.சி.ஆர்.ஏ குறுக்கே வரலாம். பணம் வாங்கும் முன்பே ஆடிட்டரைப் பார்ப்பது நல்லது.

பாதிப் பணம்தான் வந்தால்?

சட்டத்தைவிட அதிகம் பயப்பட வேண்டியது இதற்குத்தான். கிக்ஸ்டார்ட்டரில் இலக்கை எட்டாவிட்டால் யாரிடமும் ஒரு பைசாகூட எடுக்க மாட்டார்கள். எட்டினால் 5 சதவீதம் தளத்துக்கு. பேமென்ட் கட்டணம் தனி. ஆனால், இந்தியாவில் இருந்துகொண்டு நேரடியாக அங்கே புராஜெக்ட் தொடங்க முடியாது. ஜிபே நம்பரைப் போட்டுப் பணம் வாங்கினால் இந்தப் பாதுகாப்பு எதுவும் இல்லை. 3 லட்சத்துக்கு 1.2 லட்சம் வந்து நின்றுவிட்டால் அறுவடை முடிந்துவிடும். படம் பாதியில் நிற்கும். 240 பேர் ‘என்னாச்சு’னு கேட்பார்கள்.

அதனால், முதலில் பணம் வாங்காமல் வாக்குறுதி மட்டும் வாங்கலாம். “600 பேர் சேர்ந்தால்தான் அனுப்பச் சொல்வேன்” என்று சொல்லிவிட்டு, ஒரு கூகுள் ஃபார்மில் பேரைச் சேர்க்கலாம். இரண்டு நிமிட மாதிரி வீடியோ, எதுக்கு எவ்வளவு என்கிற பட்ஜெட், பணம் மிஞ்சினாலோ படம் நின்றாலோ என்ன செய்வேன் என்கிற ஒரு வரி இந்த மூன்றும் கட்டாயம்.

சேர்வராயன் மலையில் காபி அறுவடை நவம்பர் வாக்கில் சூடுபிடிக்கும். ஃபார்மை ஆகஸ்டிலேயே திறந்துவிட்டால், 600 பேர் சேரவில்லை என்பது அக்டோபரிலேயே தெரிந்துவிடும். 30 நிமிடத்தை 10 நிமிடமாகச் சுருக்க அப்போதும் நேரம் இருக்கும்.