விரிசலைப் பூசி மறைப்பதற்கு முன்

2021 டிசம்பர் 27 அன்று சென்னை திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் குடியிருப்புக் கட்டடம் ஒன்று சரிந்தது. அதில் 24 வீடுகள். ஓர் உயிர்கூடப் போகவில்லை. விரிசலைக் கண்டு மிரண்ட மக்கள் இடிவதற்கு முன்பே வெளியேறியிருந்தார்கள். கட்டடங்கள் பெரும்பாலும் இப்படி முன்கூட்டியே அறிகுறி காட்டிவிடுகின்றன. நாம்தான் கொத்தனாரை அழைத்துப் பூசி, வெள்ளையடித்து, அதை அழித்துவிடுகிறோம்.

எல்லா விரிசலுக்கும் பயப்பட வேண்டாம். பூச்சில் நூல்போல ஓடுவது காரை காயும்போது வருவது. ஆனால் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஏறும் விரிசல், சுவரின் இரு பக்கமும் தெரியும் விரிசல், தூணிலோ பீமிலோ வரும் விரிசல் ஆகியவை வேறு வகை. ஒழுங்காக மூடிய கதவு இடிக்கத் தொடங்குவதும், தரை ஒருபக்கம் இறங்குவதும் அஸ்திவாரக் கோளாறாக இருக்கலாம். விரிசலின் முனைகளில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். போட்டோவும் எடுத்து வையுங்கள். கோட்டைத் தாண்டி வளர்ந்தால், பார்க்க வேண்டியவர் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர்.

கடலோர ஊர்களில் இன்னொரு தொல்லை உண்டு. கூரையின் அடிப்பக்கம் காரை பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரியும். துரு ஏறிய கம்பி பருத்து, தன்னை மூடியிருக்கும் கான்கிரீட்டையே பிளந்துவிடும். மேலே சிமென்ட் அப்பினால் பார்வைக்குச் சரியாகும். உள்ளே அரிப்பு நிற்காது. கம்பி எவ்வளவு தேய்ந்திருக்கிறது, மிச்சமிருப்பது பாரத்தைத் தாங்குமா என்பதைச் சோதித்து, கணக்குப் போட்டுத்தான் சொல்ல முடியும். அனுபவமுள்ள மேஸ்திரியாக இருந்தாலும் கண்பார்வையில் அதைச் சொல்ல முடியாது.

விரிசலே இல்லாத வீட்டுக்கும் இந்தச் சோதனை தேவைப்படும் நேரங்கள் உண்டு: இருக்கும் மாடிமேல் இன்னொரு மாடி எழுப்பும் முன், ஹாலைப் பெரிதாக்கச் சுவரை இடிக்கும் முன், தீ விபத்துக்குப் பின், பழைய வீட்டை வாங்கும் முன். மொட்டைமாடியில் தண்ணீர் டேங்க் வைக்கும் முன்பும் யோசியுங்கள்: ஆயிரம் லிட்டர் டேங்கின் தண்ணீர் மட்டுமே ஒரு டன் எடை. பக்கத்து மனையில் ஆழமாகத் தோண்டப் போகிறார்கள் என்றால், தோண்டும் முன்பே உங்கள் வீட்டின் நிலையைப் பொறியாளரை வைத்துப் பதிவு செய்துவிடுங்கள். பிறகு விரிசல் வந்தால், அது பழையது என்று எதிர்த்தரப்பு தட்டிக்கழிக்க முடியாது. தோண்டுவதற்குச் சிவில் நீதிமன்றத்தில் தடை கேட்கவும் அந்தப் பதிவு உதவும்.

ரிப்பேர் வேலையை எடுத்துச் செய்பவரே சோதனையும் செய்தால் அவர் முடிவை நம்புவது கடினம். உள்ளாட்சியிலோ சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்திலோ (சிஎம்டிஏ) பதிவு பெற்ற, அந்த வேலையில் ஆதாயமில்லாத பொறியாளரைத் தேடுங்கள். வாய்ச்சொல் போதாது. படங்கள், சோதனை முடிவுகள், காரணம், தீர்வு எல்லாம் அடங்கிய அறிக்கையைக் கையொப்பத்துடன் கேட்டு வாங்குங்கள்.

பதிவு செய்யப்பட்ட திட்டத்தில் ஃபிளாட் வாங்கியவர்களுக்கு அந்தக் காகிதம்தான் ஆயுதம். 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டத்தின் 14(3) பிரிவுப்படி, வீட்டை ஒப்படைத்த 5 ஆண்டுகளுக்குள் கட்டமைப்புக் குறையைச் சுட்டிக்காட்டினால், பில்டர் 30 நாட்களுக்குள் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். செய்யாவிட்டால் இழப்பீடு கேட்கலாம். தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் புகார் தரலாம். அடுத்த மழைக்குப் பார்ப்போம் என்று தள்ளிப்போட்டே அந்த 5 ஆண்டைத் தொலைப்பவர்கள் ஏராளம். பில்டரின் ஆள் வந்து பூசிவிட்டுப் போனாலும், குறையை எழுத்தில் அனுப்பி, பெற்றுக்கொண்டதற்கான சான்றை வைத்திருங்கள்.

வாடகைக்கு இருப்பவர்களும் கேட்கலாம். தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டப்படி, குடியிருப்பவரால் ஏற்பட்ட சேதம் தவிர, கட்டமைப்புப் பழுதைச் சரிசெய்வது வீட்டு உரிமையாளரின் பொறுப்பு.