முஹம்மத் அலி: வெல்ல வைத்த பலமும் வீழ்த்திய பலமும்

நம் பக்கத்தில் குத்துச்சண்டையா என்று உங்களில் சிலர் யோசிக்கக்கூடும். காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடி என்று நம் வாவிக்கரை ஊர்களில் எந்த வீட்டிலும் முஹம்மத் அலியின் பெயரைச் சொல்லிப் பாருங்கள். வாப்பாவோ பெரியப்பாவோ ஒரு கதை வைத்திருப்பார். பிள்ளைகள் அதைக் கேட்டுத்தான் வளர்கிறார்கள். ஆனால் அந்தக் கதைகளில் வெற்றிகள் மட்டுமே வரும். அலி எதில் கெட்டிக்காரர், எதில் குறையுள்ளவர், கடைசியில் அவரை எது சாய்த்தது என்பதை வீட்டில் யாரும் சொல்வதில்லை. மகன் வந்து கேட்டால் நீங்கள் சொல்லலாமே என்றுதான் இதை எழுதுகிறேன்.

1942ஆம் ஆண்டு ஜனவரி 17ஆம் திகதி அமெரிக்காவின் லூயிவில் நகரில் பிறந்தவர். அப்போது பெயர் காசியஸ் கிளே. தந்தை விளம்பரப் பலகை எழுதுபவர். தாய் பிறர் வீடுகளில் வேலை செய்தவர். 12 வயதில் புதிய சைக்கிள் களவு போக, திருடனை அடிக்கப் போவதாக அழுதுகொண்டு நின்ற பையனிடம், "முதலில் சண்டை பிடிக்கப் பழகு" என்ற பொருளில் ஒரு பொலிஸ்காரர் சொன்னாராம். ஜோ மார்ட்டின் என்ற அந்தப் பொலிஸ்காரரே முதல் பயிற்றுவிப்பாளர். 1960இல் ரோம் ஒலிம்பிக்கில் தங்கப் பதக்கம். 1964 பெப்ரவரியில், எல்லோரும் அஞ்சிய சொனி லிஸ்டனை வென்று 22 வயதில் உலக சம்பியன்.

இனி அவருடைய பலத்தைப் பார்ப்போம். கல்யாண வீட்டு முற்றத்தில் சிலம்படி பார்த்தவர்களுக்கு இது இலகுவாக விளங்கும். நல்ல சிலம்பக்காரரிடம் கம்பு சுழல்வதையல்ல, கால் நகர்வதையல்லவா அண்ணாவியார் முதலில் கவனிப்பார்? அலியின் முதல் பலமும் கால்தான். ஆறடி மூன்று அங்குல உயரமும் அதற்கேற்ற எடையும் உள்ள ஒருவர், மெலிந்த சிறு வீரனைப் போல மேடையைச் சுற்றிச் சுற்றி வருவார். இடது கையை நேரே நீட்டி முகத்தில் தட்டிவிட்டு, எதிராளி திருப்பி அடிக்கும் முன்னர் அவ்விடத்தில் இருக்கமாட்டார். அடுத்தது கண். குத்து புறப்படும்போதே அது எங்கே வரும் என்று கண்டு, தலையை ஓரங்குலம் பின்னே இழுத்துக்கொள்வார். 1966 நவம்பரில் கிளீவ்லண்ட் வில்லியம்ஸுடன் நடந்த போட்டியைத்தான் அவருடைய உச்சம் என்று நிபுணர்கள் பலர் சொல்கிறார்கள். மூன்றாம் சுற்றிலேயே அது முடிந்துவிட்டது.

குறைகளும் அந்தக் காலத்திலேயே இருந்தன. குத்துச்சண்டைப் பள்ளிக்கூடத்தில் முதல் நாள் சொல்லிக்கொடுக்கும் பாடம், கைகளை உயர்த்தி முகத்தைக் காத்துக்கொள் என்பது. அலியின் கைகள் இடுப்புக்குப் பக்கத்தில் தொங்கும். குத்து வந்தால் பக்கவாட்டில் விலகவேண்டும். அவர் நேராகப் பின்னே சாய்வார். எதிராளியின் வயிற்றிலும் விலாவிலும் அவர் குத்தியது மிகக் குறைவு, கண்ணெல்லாம் முகத்தில்தான். வேகம் இருந்தவரை இவையெல்லாம் ஓர் அழகாகவே தெரிந்தன. ஆனால் வளைந்து வரும் இடது கைக் குத்துக்கு மட்டும் அந்த வாசல் எப்போதும் திறந்தே கிடந்தது. 1962இல் சொனி பேங்ஸ், 1963இல் லண்டனில் ஹென்றி கூப்பர், 1971இல் ஜோ பிரேசியர் ஆகிய மூவரும் அவரைத் தரையில் விழுத்தியது அதே இடது கைக் குத்தினால்தான். ஒன்பது ஆண்டுகளாகியும் அந்த வாசலை அவர் சாத்தவில்லை. திறமை மிகுந்த பிள்ளைகளிடம் இந்தப் பிடிவாதத்தை நீங்களும் கண்டிருப்பீர்கள்.

1967 ஏப்ரலில் வியட்நாம் யுத்தத்துக்காக இராணுவத்தில் சேர அவர் மறுத்தார். பட்டம் பறிபோனது. ஐந்து வருடச் சிறையும் பத்தாயிரம் டொலர் அபராதமும் விதிக்கப்பட்டன. மேன்முறையீடு செய்ததால் சிறை செல்லவில்லை. 1971இல் உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பைத் தள்ளுபடி செய்தது. ஆனால் 25 வயது முதல் 28 வயது வரை, உடல் முறுக்கேறி நிற்கும் அந்த மூன்றரை ஆண்டுகள் மேடை ஏற முடியவில்லை. அவருடைய வாழ்வில் நான் மிகவும் மதிக்கும் துணிவு இதுதான். எந்தக் குத்தும் இதற்கு ஈடாகாது.

திரும்பி வந்தபோது கால்கள் பழைய கால்களாக இல்லை. ஓட முடியாதவர் அடி வாங்க நேர்ந்தது. அப்போதுதான் இன்னொன்று தெரியவந்தது: அலியால் அடியைத் தாங்க முடியும்! 1973இல் கென் நோர்டன் தாடையை உடைத்த பின்னும் 12 சுற்றுகள் முடியும்வரை நின்றார். 1974 ஒக்டோபரில் கின்ஷாசாவில் ஜோர்ஜ் போர்மனைச் சந்தித்தார். போர்மனுக்கு வயது 25. 40 போட்டிகளில் 40 வெற்றி, அவற்றில் 37 எதிராளியை வீழ்த்திப் பெற்றவை. அலிக்கு 32. ஓடாமல் கயிற்றில் சாய்ந்து நின்று, தன்னை அடிக்க விட்டார் அலி. கயிற்றை விட்டு விலகி வா என்று அவருடைய ஆட்களே கத்தினார்கள். அடித்து அடித்துப் போர்மன் களைத்துப்போக, எட்டாம் சுற்றில் அவரை வீழ்த்தினார். உலகம் கொண்டாடியது. நம் வாப்பாமார் சொல்வதும் இந்தக் கதையைத்தான்.

என்னைக் கேட்டால், அலிக்கு அதிகம் கேடு செய்தது அந்த வெற்றிதான். அடி வாங்கியும் வெல்லலாம் என்று அது அவருக்குக் கற்பித்துவிட்டது. அதன்பின் பயிற்சிக்கூடத்திலும், பழகுவதற்கென்று கூலிக்கு வைத்த ஆட்களைத் தன்னை அடிக்க விட்டார். 1975 ஒக்டோபரில் மணிலாவில் பிரேசியருடன் 14 சுற்றுகள். பிரேசியரின் பயிற்றுவிப்பாளர் எடி பியூச் தம் வீரனைப் பதினைந்தாம் சுற்றுக்கு அனுப்ப மறுத்ததால் அலி வென்றார். மரணத்துக்கு மிக அருகில் போய்வந்தது போன்றது என்று அலியே பின்னர் அதை விவரித்தார்.

தோற்ற பிரேசியருக்கு, நிறுத்து என்று சொல்ல ஒருவர் இருந்தார். வென்ற அலிக்கு? அவருடைய வைத்தியர் பேர்டி பச்சேக்கோ சொன்னார். 1977 செப்டம்பரில் ஏர்ணி ஷேவர்ஸுடன் போட்டி முடிந்ததும், சிறுநீரகங்கள் பழுதடைந்து வருவதைக் காட்டும் பரிசோதனை அறிக்கையை அலிக்கும், அவருடைய மனைவிக்கும், மனேஜருக்கும் அனுப்பியதாகவும் எவரிடமிருந்தும் பதில் வரவில்லை என்றும் பச்சேக்கோ சொல்லியிருக்கிறார். அவர் விலகிக்கொண்டார். அலியைச் சுற்றியிருந்த பெருங்கூட்டத்துக்குச் சோறு போட்டது அலியின் உடம்பு. அதை நிறுத்தச் சொல்ல யாருக்கு மனம் வரும்?

1980இல் சென்னைக்கு வந்து ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டியில் கலந்துகொண்டார். ஓய்வு பெற்றவராகச் சிரித்துக்கொண்டு நின்ற அதே மனிதர், அதே ஆண்டு ஒக்டோபரில், 38 வயதில், லெரி ஹோம்ஸுக்கு முன்னால் போய் நின்றார். ஹோம்ஸ் ஒரு காலத்தில் அவருக்குப் பயிற்சித் துணையாக இருந்தவர். பத்துச் சுற்றுகள் அடி வாங்கிய பின் பயிற்றுவிப்பாளர் ஏஞ்சலோ டண்டி போட்டியை நிறுத்தினார். அடித்த ஹோம்ஸே பின்னர் அழுதார். 1981 டிசம்பரில் பஹாமாஸில் ட்ரெவர் பேர்பிக்கிடம் தோற்றதுதான் கடைசிப் போட்டி. மொத்தம் 61 போட்டிகள், 56 வெற்றிகள், 5 தோல்விகள். மூன்று முறை உலகப் பட்டம். 1984இல் பார்க்கின்சன் நோய் என்று வைத்தியர்கள் கூறினார்கள். அந்த நோய்க்குக் குத்துகள்தான் காரணமா என்பதில் வைத்தியர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் பேச்சு குழறத் தொடங்கியது அவர் மேடையை விட்டு இறங்கும் முன்னரே.

அவருடைய நாவையும் சொல்லாமல் விட முடியாது. அந்தப் பேச்சுத்தான் அரங்கங்களை நிரப்பியது; அதே பேச்சு மனிதர்களைக் காயப்படுத்தியது. தடை செய்யப்பட்டிருந்த காலத்தில் அலிக்குப் பணம் கொடுத்து உதவியவர் பிரேசியர். அவரைப் பிற்பாடு உலகத்தின் முன்னால் குரங்கு என்று ஏளனம் செய்தார் அலி. அந்த மனிதருக்கும் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருந்தார்கள். 2001இல் அலி பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். 2011இல் பிரேசியரின் இறுதிக் கிரியைக்கு நடக்கவும் இயலாத நிலையில் வந்திருந்தார்.

மார்க்க விஷயத்தில் ஒரு சொல். 1964இல் அவர் சேர்ந்தது எலைஜா முஹம்மதின் இயக்கம். 1972இல் ஹஜ் செய்தார். 1975இல் சுன்னத் வல் ஜமாஅத் வழிக்கு வந்தார். முகத்தில் அடிப்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். இன்றைய குத்துச்சண்டை ஆகுமானதல்ல என்று 1987இல் மக்காவில் கூடிய பிக்ஹு சபையும் தீர்மானித்தது. அலியை நேசிப்பது வேறு, அந்தத் தொழிலை நேசிப்பது வேறு என்று பிள்ளைகளிடம் சொல்வதில் தவறில்லை.

2016 ஜூன் 3ஆம் திகதி அவர் வபாத்தானார். பச்சேக்கோ எச்சரித்த அந்த 1977ஆம் ஆண்டின் டிசம்பரில்தான் அவருடைய மகள் லைலா பிறந்தார். 1999இல் அவரும் குத்துச்சண்டை மேடை ஏறினார். அதுபற்றி உங்களில் பலருக்கு மாறுபட்ட கருத்து இருக்கும். 24 போட்டிகள், 24 வெற்றிகள். 2007இல் கடைசிப் போட்டி. அப்போது லைலாவுக்கு வயது 29. அதே வயதில்தான் தந்தை பிரேசியரிடம் முதல் தோல்வியைக் கண்டார். அதன் பின்னரும் பத்து ஆண்டுகளுக்கு மேல் அவர் மேடையை விடவில்லை.