யூரியா எண் மட்டும் போதாது

கந்தப்பளையில் யூரியா என்றால் முதலில் நினைவுக்கு வருவது உரம்தான். தேயிலைக்கும் லீக்ஸ், கோவா, உருளைக்கிழங்குப் பாத்திகளுக்கும் போடுகிற வெள்ளைக் குருணையின் பெயர் இரத்தப் பரிசோதனைத் துண்டிலும் இருந்தால், உரத்தைக் கையால் அள்ளியதுதான் காரணமோ என்று ஒருவர் பயப்படுவதில் வியப்பில்லை. பொருள் ஒன்றுதான், வந்த வழி வேறு. பருப்பு, முட்டை, கருவாடு என்று நாம் சாப்பிடுகிறவற்றின் புரதம் உடையும்போது அமோனியா உண்டாகிறது. அந்த நஞ்சை ஈரல் யூரியாவாக மாற்றி இரத்தத்தில் விடுகிறது. சிறுநீரகம் அதை வடித்து வெளியே தள்ளுகிறது. ஆகவே துண்டில் இருக்கும் எண், சாப்பாட்டில் எவ்வளவு புரதம், உடம்பில் எவ்வளவு தண்ணீர், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்ற மூன்றையும் ஒன்றாகக் கலந்து சொல்கிறது. அதைப் பிரித்துப் பார்க்காமல் "யூரியா சரி, அப்போ கிட்னியும் சரி" என்று முடிவுகட்டுவது மற்ற எவரையும்விடத் தோட்டத்து மக்களுக்கே அதிக ஆபத்தானது.

மலையில் கொழுந்து எடுக்கும் பெண்ணை எடுத்துக்கொள்வோம். பக்கத்தில் கழிப்பறை இல்லாத மலைகளில் வேலை செய்கிறவர்கள் தண்ணீரைக் குறைத்துத்தான் குடிக்கிறார்கள். உடம்பில் நீர் குறைந்தால் சிறுநீரகம் நீரை இழுத்து வைத்துக்கொள்ளும். அதனுடன் யூரியாவும் இரத்தத்துக்குத் திரும்பும். நல்ல சிறுநீரகம் உள்ளவருக்கும் எண் ஏறிவிடும். அதே பெண்ணின் சாப்பாடு பெரும்பாலும் கோதுமை ரொட்டியும் சம்பலும் என்றால், புரதம் குறைவு, யூரியா உற்பத்தியும் குறைவு. இப்போது எண் கீழே இறங்கும். சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் ஏறக்குறையப் பாதியாகும் வரை யூரியா வழமையான எல்லையைத் தாண்டாமல் இருக்கக்கூடும். புரதம் குறைந்த உடம்பில் அதற்குப் பிறகும் அது அடங்கியே இருக்கலாம். கிரியேட்டினினைப் பார்த்தால் தெரியாதா என்று கேட்கலாம். யூரியாவைவிட அது நம்பகமானதுதான். ஆனால் அது தசையிலிருந்து வருவது. மெலிந்த, தசை குறைந்த உடம்பில் அதுவும் உண்மையைவிடக் குறைத்தே காட்டும். அதனால்தான் மூன்றாவதாகச் சிறுநீரில் அல்புமின் ஒழுகுகிறதா என்று பார்க்க வேண்டும். சீனி வருத்தமோ பிரஷரோ சிறுநீரகத்தைத் தாக்கும்போது, பெரும்பாலும் யூரியா ஏறுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே இந்த ஒழுக்கு தொடங்கிவிடுகிறது.

அளக்கும் முறையைத் தெரிந்துகொண்டால் அந்த எண் எங்கே தவறும் என்பதும் விளங்கும். இன்றைய ஆய்வுகூடங்கள் பெரும்பாலும் யூரியேஸ் என்ற நொதியை நம்பியிருக்கின்றன. நம் தம்பட்டங்காயின் இனத்தைச் சேர்ந்த ஓர் அவரைக் கொட்டையிலிருந்து 1926இல் அமெரிக்கரான ஜேம்ஸ் சம்னர் பளிங்காகப் பிரித்தெடுத்த நொதி இது. நொதியும் புரதமே என்று காட்டிய அந்த வேலைக்காக 1946இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. யூரியேஸ் யூரியாவை உடைத்து அமோனியாவாக்கும். அந்த அமோனியா இன்னொரு வினையில் சேர்ந்து, 340 நானோமீற்றர் ஒளியை உறிஞ்சும் ஒரு பொருளைத் தீர்க்கும். உறிஞ்சல் குறையும் வேகத்தை வைத்து இயந்திரம் யூரியாவைக் கணக்கிடுகிறது. இங்கே சின்னக் கவனக்குறைவும் எண்ணைக் கெடுத்துவிடும். சீனி பார்க்க இரத்தம் எடுக்கும் சாம்பல் நிற மூடிக் குழாயில் சோடியம் புளோரைட் இருக்கிறது. அது யூரியேசை முடக்கிவிடும்; அதே குழாயில் யூரியாவையும் பார்த்தால் எண் பொய்யாகக் குறைந்து வரும். அமோனியம் கலந்த குழாயில் எடுத்தால் பொய்யாகக் கூடும். அலகுச் சிக்கல் வேறு. ஒரே இரத்தத்துக்கு ஓர் இடத்தில் டெசிலீற்றருக்கு 36 மில்லிகிராம் என்றும், இன்னோர் இடத்தில் லீற்றருக்கு 6 மில்லிமோல் என்றும், யூரியாவின் நைதரசனை மட்டும் கணக்கிடும் இடத்தில் 17 என்றும் துண்டு வரும். மூன்றும் சரி. அலகைப் பார்க்காமல் எண்ணை மட்டும் ஒப்பிடுகிறவர், நோய் ஆறு மடங்கு குறைந்துவிட்டது என்றுகூட நம்பிவிடலாம்.

அப்படியானால் யூரியாப் பரிசோதனையே வேண்டாமா? அப்படிச் சொல்ல முடியாது. டயலிசிஸ் செய்கிறவர்களுக்கு இதைவிட உதவும் அளவு குறைவு. சுத்திகரிப்புக்கு முன்னும் பின்னும் யூரியாவைப் பார்த்து, வாரம் மூன்று தடவை செய்கிறவருக்கு ஒவ்வொரு தடவையும் குறைந்தது 65 சதவீதம் இறங்கியதா என்று கணக்கிடுகிறார்கள். இறங்காவிட்டால் அந்தச் சுத்திகரிப்பு போதவில்லை. வயிற்றுக்குள் இரத்தம் கசிகிறபோதும் கிரியேட்டினின் அசையாமல் நிற்க, யூரியா மட்டும் தனியாக ஏறி வைத்தியரை எச்சரிக்கும். அது பயனுள்ளது, மற்றவற்றோடு சேர்த்து வாசிக்கிறவருக்கு. 1990களிலிருந்து வடமத்திய மாகாணத்து விவசாயிகளிடையே காரணம் புலப்படாமல் பரவிய சிறுநீரக நோய் இதைக் கடுமையாகக் கற்றுத் தந்தது. முற்றும் வரை அது பெரிதாக நோவு எதுவும் காட்டுவதில்லை. அங்கே நோயைத் தேடிப் போனவர்கள் கிரியேட்டினினையும் சிறுநீர் அல்புமினையும்தான் முக்கியமாகப் பார்த்தார்கள். மலையகம் அந்த நோயின் களம் அல்ல. ஆனால் சீனியும் பிரஷரும் இங்கே லயத்துக்குள்ளும் வந்துவிட்டன. அவை தாக்கும் சிறுநீரகமும் அதே மாதிரிச் சத்தமில்லாமல்தான் கெடுகிறது.

கூலிக்குப் போகிறவரிடம் இன்னும் இரண்டு பரிசோதனை என்றால் எங்கே போவார் என்ற ஆட்சேபம் நியாயமானது. நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலைக்குப் போய் வந்தாலே அன்றைய பேர், அதாவது நாள் கூலி, போய்விடும். அரசாங்க வைத்தியசாலையில் பணம் கேட்கமாட்டார்கள், ஆனால் போன பேரை யாரும் திருப்பித் தரமாட்டார்கள். இருந்தாலும் இங்கே கேட்பது இன்னொரு பயணம் அல்ல. யூரியாவுக்கு எடுத்த அதே குழாய் இரத்தத்திலேயே கிரியேட்டினினையும் பார்க்கலாம். அல்புமினுக்குக் காலையில் முதலில் போகும் சிறுநீர் கொஞ்சம் போதும். சீனி, பிரஷர் கிளினிக்குக்கு எப்படியும் போகிற நாளில், வருடத்துக்கு ஒரு தடவையாவது, "மூன்றையும் சேர்த்துப் பாருங்கள் டாக்டர்" என்று கேட்கலாம், கேட்கும் உரிமையும் உண்டு. ஏதாவது ஒன்று ஏறியிருந்தால், வைத்தியர் தண்ணீரைக் குறைக்கச் சொல்லாதவரை நன்றாகக் குடித்துவிட்டு, அதே ஆய்வுகூடத்தில் மறுபடி பார்க்க வேண்டும். கோளாறு மூன்று மாதம் நீடித்தால்தான் அதை நாட்பட்ட சிறுநீரக நோய் என்பார்கள். பழைய துண்டுகளைக் கிளினிக் கொப்பிக்குள் வைத்திருப்பவருக்கு அந்த மூன்று மாதக் கணக்கைப் புதிதாகத் தொடங்க வேண்டி வராது.