முகம் காட்டும் நண்டு

புதுக்கோட்டை மாவட்டக் கடற்கரையில் முக்கண் நண்டைப் பார்த்திருப்பீர்கள். ஓட்டில் மூன்று ‘கண்கள்’. ஆனாலும் குழம்புக்குத்தான் போகிறது! இதற்கு நேர்மாறான கதையைக் கார்ல் சாகன் 1980-இல் ‘காஸ்மாஸ்’ தொலைக்காட்சித் தொடரின் இரண்டாம் பகுதியில் சொன்னார். ஜப்பானில் 1185-இல் கடற்போரில் மாண்ட வீரர்களின் முகம் ஓட்டில் தெரிந்த நண்டுகளை மீனவர்கள் கடலிலேயே விட்டனராம். அவை பெருகி, முகமும் தலைமுறைதோறும் தெளிவாயிற்றாம். இன்று அதைப் பார்ப்பவருக்கு ஏமாற்றமே. அந்த நண்டு சுமார் 3 செ.மீ. அகலம்தான், உண்பாரில்லை. முகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வலையிலிருந்து வீசப்படும். பிறகு தேர்வு ஏது? ஜோயல் மார்ட்டின் 1993-இல் இதைச் சுட்டிக்காட்டினார். முகமாகத் தோன்றும் மேடுபள்ளங்கள், உள்ளே தசைகள் பற்றும் இடங்களே. மனிதர் தேர்ந்தெடுத்தால் உயிரினம் மாறும் என்பது மெய்தான். நெல்லும் நாயும் அதற்குச் சான்று. இந்த நண்டு அன்று.