வேகமாகச் சுற்றும் என்ஜின்: போரா, ஸ்ட்ரோக்கா, எதை முதலில் முடிவு செய்வது?

சிவகாசிப் பட்டாசில் அடைக்கும் மருந்துக்கு வெளிக்காற்று தேவையில்லை. எரியத் தேவையான ஆக்சிஜனை அதிலேயே கலந்திருக்கும் வெடியுப்பு கொடுத்துவிடும். பெட்ரோல் என்ஜினுக்கு அந்த வசதி கிடையாது. ஒவ்வொரு முறை எரிக்கவும் காற்றை வெளியிலிருந்து இழுத்தாக வேண்டும். டர்போவும் இல்லையென்றால் ஒரு தடவையில் இழுக்கும் காற்றுக்கு ஏறக்குறைய ஓர் உச்சவரம்பு இருக்கிறது. எனவே சிசியைக் கூட்டாமல் திறனைப் பெரிதாகக் கூட்ட, நிமிடத்துக்கு அதிக முறை சுற்றவைப்பதே வழி. அதற்குச் சிலிண்டரின் விட்டமான போரையும், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமான ஸ்ட்ரோக்கையும் எப்படித் தேர்ந்தெடுப்பது? ‘போர் பெரிதாக, ஸ்ட்ரோக் சிறிதாக’ என்பதுதான் வழக்கமான பதில். அது பாதிதான் சரி. எத்தனை ஆர்பிஎம்மில் திறன் வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். அது ஸ்ட்ரோக்கைத் தீர்மானிக்கும். வேண்டிய சிசிக்கு மிச்சம் உள்ளதைப் போர் நிரப்பும்.

தமிழ்நாட்டுத் தயாரிப்புகள் இரண்டை எடுத்துக்கொள்வோம். சென்னை ராயல் என்ஃபீல்டின் பழைய கிளாசிக் 350-ல் போர் 70 மி.மீ., ஸ்ட்ரோக் 90 மி.மீ. அதன் உச்சத் திறன் 5,250 ஆர்பிஎம்மில் வந்தது. ஓசூரில் தயாராகும் டிவிஎஸ் அப்பாச்சி ஆர்ஆர் 310-ன் 2020 மாடலில் போர் 80, ஸ்ட்ரோக் 62.1, உச்சத் திறன் 9,700 ஆர்பிஎம்மில். ஒரு சுற்றுக்குப் பிஸ்டன் ஸ்ட்ரோக்கைப் போல் இரண்டு மடங்கு தூரம் போகிறது. அந்தக் கணக்கில் கிளாசிக்கின் பிஸ்டன் சராசரியாக வினாடிக்கு 15.75 மீட்டரும், அப்பாச்சியின் பிஸ்டன் 20 மீட்டரும் ஓடுகின்றன. கிளாசிக்கை அதே 9,700-க்கு விரட்டினால் வேகம் 29 மீட்டரைத் தொடும். அதைவிடப் பெரிய சிக்கல், பிஸ்டனை நிறுத்தித் திருப்பும் விசை ஆர்பிஎம்மின் வர்க்கத்தில் ஏறுவது. கிளாசிக்கின் கனெக்டிங் ராடு ஏறக்குறைய 3.4 மடங்கு இழுவையைத் தாங்க வேண்டிவரும். சாலை வண்டிக்குப் பல ஆயிரம் கிலோமீட்டர் ஆயுள் வேண்டும் என்பதால்தான் ஸ்ட்ரோக் இங்கே கடிவாளமாகிறது.

அப்படியானால் போர் ஸ்ட்ரோக்கைவிடப் பெரிதாக இருந்தே தீர வேண்டுமா? இல்லை என்கிறது யமஹா ஆர்15. அதன் 155 சிசி என்ஜினில் போர் 58, ஸ்ட்ரோக் 58.7. ஸ்ட்ரோக்தான் மயிரிழை நீளம். ஆனாலும் 10,000 ஆர்பிஎம்மில் 18.4 பிஎஸ் தருகிறது. சிசிக்குச் சிசி பார்த்தால் 34 பிஎஸ் தரும் அந்த அப்பாச்சியையே முந்துகிறது. பிஸ்டன் வேகத்தைக் கணக்கிட்டால் காரணம் தெரியும்: வினாடிக்கு 19.6 மீட்டர், கிட்டத்தட்ட அப்பாச்சியின் அளவேதான். விகிதங்கள் வேறாக இருந்தும் இரண்டும் ஒரே எல்லைக்கு அருகில் வந்து நிற்கின்றன. ஸ்ட்ரோக்கை 60 மி.மீ. அருகில் நிறுத்திக்கொண்டு ஒரே சிலிண்டரில் 312 சிசி வேண்டுமென்றால் போர் 80 ஆகியே தீரும். 155 சிசி போதுமென்றால் 58 போதும். பெரிய போரின் உண்மையான பரிசு வால்வுகளுக்குக் கிடைக்கும் இடம். நான்கு வால்வு ஹெட்டும், அவற்றைத் திறந்து மூடும் அதற்கேற்ற கேமும் இல்லாமல் போரை மட்டும் பெரிதாக்கினால் அந்த இடம் வீணாகும்.

ஸ்ட்ரோக் நீண்டால் இழுவை அதிகம் என்பார்கள். கிராங்கின் நெம்புகோல் நீள்வது உண்மை. ஆனால் சிசி மாறாதபோது போர் சுருங்கும், பிஸ்டன் மேல் விழும் விசையும் அதே அளவில் குறையும், இரண்டும் ஈடாகிவிடும். கிளாசிக்கின் 346 சிசி தந்தது 28 நியூட்டன் மீட்டர் டார்க். அந்த 2020 அப்பாச்சியின் 312 சிசி தந்தது 27.3. லிட்டர் கணக்கில் அப்பாச்சிதான் மேல். வித்தியாசம் அது வரும் இடத்தில் இருக்கிறது: முன்னது 4,000 ஆர்பிஎம்மில், பின்னது 7,700-ல். அதைப் பெரும்பாலும் முடிவு செய்வது வால்வு திறந்து மூடும் நேரமும் காற்றுப் பாதையின் அகலமும்தான். சிவகாசியிலிருந்து திருத்தங்கல் வழியாக விருதுநகருக்கு லாரிகளின் பின்னால் போகிறவருக்குக் கீழ் ஆர்பிஎம் இழுவை முக்கியம் என்பதில் மாற்றுக் கருத்தில்லை. அவர் புகார் சொல்ல வேண்டியது கேமைப் பற்றி.

போரை இன்னும் விரித்து 13,000-க்கு மேல் போகலாமே என்ற கேள்வியும் வரும். 312 சிசிக்குப் போரை 95 ஆக்கினால் ஸ்ட்ரோக் 44 மி.மீ. ஆகும். கம்ப்ரஷன் 11:1 என்று வைத்தால், பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மேலே எஞ்சும் இடத்தின் சராசரித் தடிமன் 4.4 மி.மீ.தான், 80 மி.மீ. போரில் அது 6.2. அந்த மெல்லிய தட்டில், நடுவிலிருக்கும் பிளக்கிலிருந்து சுவர்வரை தீ 47.5 மி.மீ. போக வேண்டும். தீ சுவரைத் தொடுமுன் ஓரத்துக் கலவை தானே வெடித்தால் ‘நாக்கிங்’. குளிர்ந்த சுவர்ப்பரப்பு கூடுவதால் வெப்பம் விரயமாகிறது. பிஸ்டன் ஓர இடுக்குகளில் எரியாத பெட்ரோலும் தங்குகிறது. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 புகை விதிகள் வந்தபிறகு இதை அலட்சியப்படுத்த முடியாது.

பழைய என்ஜினின் சிலிண்டரைக் குடைந்து அகலமாக்கி ரீபோர் செய்தால் வேகமாகச் சுற்றும் என்ற நம்பிக்கையும் இந்தக் கணக்கில் நிற்காது. 70 மி.மீ. போரை 71 ஆக்கினால் சிசி ஏறக்குறைய 3 சதவீதம் கூடும். ஸ்ட்ரோக் அதே 90-தான், ஆர்பிஎம் எல்லையும் பழையதுதான். பெரிய கொள்ளளவும் அதிகச் சுற்றும் ஒருசேர வேண்டுமென்றால் சிலிண்டர்களைக் கூட்டுவதே நேர்வழி. ஹோண்டா எஸ்2000 கார் 1,997 சிசியை நான்காகப் பிரித்துக்கொண்டு, 84 மி.மீ. ஸ்ட்ரோக்கோடு 9,000 ஆர்பிஎம்வரை போனது. அந்த எல்லையில் பிஸ்டன் வேகம் 25 மீட்டர். விலையுயர்ந்த உதிரிகள் இல்லாமல் அது நடக்காது. அன்றாட வண்டிக்கு 20 மீட்டர் அளவே நியாயமான இலக்கு. அதற்குள் ஸ்ட்ரோக்கை அடக்கி, சிசிக்கு வேண்டிய போரை வைத்து, மிச்சப் பணத்தை ஹெட்டில் செலவிடுவதே புத்திசாலித்தனம்.