கப்பலேறும் மருமகனும் கையெழுத்துக் கடிதமும்

சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயிலில் மடியில் வைத்துக் காது குத்தியவர் தாய்மாமன். அதே மாமன் பள்ளி விடுமுறையில் பிள்ளையை நாகப்பட்டினம் அழைத்துப் போய், இலங்கையின் காங்கேசன்துறைக்குப் போகும் கப்பலில் ஏற்றலாம். 2023 அக்டோபரில் தொடங்கிய சேவை இது. சில மணி நேரக் கடல் பயணம்தான், ஆனாலும் வெளிநாடு. பிள்ளைக்குத் தனி பாஸ்போர்ட் வேண்டும்.

துறைமுகத்தில் குடியேற்ற அதிகாரி இருவரின் பெயரையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். பிள்ளையின் பெயரோடு இருப்பது அப்பா பெயர், மாமனுக்கு வேறு. உறவைச் சொல்ல ஒரு தாள் இருந்தால் பதற்றமில்லை.

தாய், தந்தை இருவரும் கையெழுத்திட்ட சம்மதக் கடிதம் எழுதுங்கள், ஆங்கிலத்தில். பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண், அழைத்துச் செல்பவர் யார், என்ன உறவு, போகும் நாள், திரும்பும் நாள், உங்கள் கைபேசி எண். நடுக்கடலில் காய்ச்சல் வந்தால் மருத்துவம் பார்க்கவும் அனுமதி என்று ஒரு வரி. பலர் மறப்பது இதைத்தான், தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். நோட்டரி வக்கீலிடம் முத்திரை வாங்கி, பிறப்புச் சான்றிதழ் நகலை இணையுங்கள்.

அசல் கடிதம் பெட்டிக்குள் வேண்டாம். பெட்டி முன்னாலேயே ஏறிவிடும். மாமனின் கைப்பையில் இருக்கட்டும்.